ஃபர்னஸ் ஃபில்டர்: பெரிய எண் என்றால் நல்லதா?

கேள்வி: காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியே வீடு முழுக்க அனுப்பும் ஃபர்னஸ் உள்ள வீட்டுக்கு முதல்முறையாகக் குடிவந்திருக்கிறோம். ஃபில்டர் வாங்கப் போனால் மெர்வ் 8, 11, 13 என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். எண் கூடக் கூட விலையும் ஏறுகிறது. மகனுக்கு மகரந்த ஒவ்வாமை உண்டு. 13-ஐ வாங்கிவிடுவதுதானே பாதுகாப்பு?

பதில்: அப்படித்தான் எல்லோருக்கும் தோன்றும். விற்பவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எதைப் பிடிக்க வேண்டும் என்பது. மெர்வ் என்பது ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் வகுத்த தர அளவு. 3 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்களில் மெர்வ் 8 குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். 11 என்றால் 85, 13 என்றால் 90. மகரந்தத் துகள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் பெரியது. ஆகவே அதற்கு 8-ஏ ஓரளவு போதும், 11 தாராளம். 13-இன் அருமை புகையில்தான் தெரியும். 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள நுண்துகளில் அது குறைந்தது பாதியைப் பிடித்தாக வேண்டும். மெர்வ் 8-க்கு அந்த அளவில் நிபந்தனையே கிடையாது. காட்டுத்தீப் புகை அடிக்கடி சூழும் இடம், வீட்டில் ஆஸ்துமா நோயாளி என்றால் 13-ஐப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஃபர்னஸின் விசிறி அந்த ஃபில்டர் வழியே போதுமான காற்றை இழுக்க முடியுமா? நெருக்கமான இழை காற்றையும் தடுக்கும். காற்று குறைந்தால், ஃபர்னஸுக்குள் காற்றைச் சூடாக்கும் பாகமான வெப்பப் பரிமாற்றி அளவுக்கு மீறிச் சூடாகும். பாதுகாப்பு சுவிட்ச் பர்னரை அணைத்துவிடும். விசிறி ஓடும், வீடு சூடாகாது. அதே காற்றுக் குழாயில் ஏசியும் இணைந்திருந்தால் கோடையில் அதன் குளிர்ச் சுருள்மேல் பனிக்கட்டி படியும். பழுது பார்க்க வருபவர் முதலில் ஃபில்டரை உருவிப் பார்ப்பது இதனால்தான்.

இங்கே எண்ணைவிடத் தடிமன் முக்கியம். 4 அங்குல ஃபில்டரில் மடிப்புகள் ஆழமானவை. தாளை விரித்தால் பரப்பு பல மடங்கு. எனவே 4 அங்குல மெர்வ் 13, 1 அங்குல மெர்வ் 13-ஐவிடப் பொதுவாகக் குறைவாகவே காற்றைத் தடுக்கும். உங்களுடையது 1 அங்குலச் செருகிடம் என்றால் 8 அல்லது 11-உடன் நிற்பதே என் ஆலோசனை. 13 வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அடுத்த சர்வீஸின்போது குழாயில் காற்றழுத்தத்தை அளந்து சொல்லக் கேளுங்கள். அளக்காமலே “ஒன்றும் ஆகாது” என்பவரை நம்ப வேண்டாம்.

சில பெட்டிகளில் மெர்வுக்குப் பதிலாக எம்.பி.ஆர்., எஃப்.பி.ஆர். என்று இருக்கும். முன்னது த்ரீஎம் நிறுவனத்தின் சொந்த அளவு. பின்னது ஒரு கடைச் சங்கிலியினுடையது. 1000, 1900 என்ற எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம், எம்.பி.ஆர். 1900 என்பது மெர்வ் 13-க்கு நிகர். பெட்டியின் ஓரத்தில் மெர்வ் எண்ணைச் சின்ன எழுத்தில் தேடுங்கள்.

கேள்வி: 16×25×1 என்று போட்டிருந்த ஃபில்டரை அளந்து பார்த்தேன். மூன்று பக்கமும் குறைகிறது. அளவில் ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. பெரிதாக அச்சிட்டிருப்பது பெயரளவு. உள்ளே நுழைய வசதியாக உண்மை அளவு சற்றுக் குறைவாக இருக்கும். 1 அங்குலம் என்பது பெரும்பாலும் முக்கால் அங்குலம்தான். சட்டத்தின் விளிம்பில் இரண்டையுமே அச்சிட்டிருப்பார்கள். பழைய ஃபில்டரில் உள்ள பெயரளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கவலைப்பட வேண்டியது, மாட்டியபின் ஆடுகிறதா என்பதைத்தான். விளிம்பில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியைத்தான் தேடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தூசி சுற்றிக்கொண்டு போய்விடும். கழற்றும்போது சட்டத்தின் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் நடக்கிறது. செருகிடத்துக்கு மூடி இல்லாத வீடுகளும் உண்டு. ஒரு காந்தப் பட்டையை ஒட்டி மூடிவிடுங்கள்.

சட்டத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையை, அதாவது ஃபர்னஸின் விசிறியை, நோக்கி இருக்க வேண்டும். இன்னொன்று: காற்றை உள்ளே இழுக்கும் சுவர்க் கிரில்லில் ஒன்று, ஃபர்னஸ் அருகே ஒன்று என்று முன்பு இருந்தவர் இரண்டு ஃபில்டர் மாட்டியிருக்கலாம். ஒன்று போதும், மற்றதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: “90 நாள்” என்று போட்டிருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா? வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினால் என்ன?

பதில்: ஃபில்டருக்குக் காலண்டர் தெரியாது, அதன் வழியே எவ்வளவு காற்று போனது என்பதுதான் கணக்கு. தெர்மோஸ்டாட்டில் விசிறியை ‘ஆட்டோ’வில் வைத்தவருக்கு 90 நாள் வரலாம். ‘ஆன்’-இல் வைத்து நாள் முழுக்க ஓட்டுபவருக்கும், நாய், பூனை வளர்ப்பவருக்கும் வராது. வீட்டில் மராமத்து நடந்தால் சிமென்ட், ஜிப்சம் தூசி சில நாளிலேயே அடைத்துவிடும். வேலை முடிந்ததும் மாற்றுங்கள். 1 அங்குலத்தை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. 4 அங்குலம் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும்.

லேசான சாம்பல் நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். மடிப்புகளுக்கு இடையே தூசி பஞ்சுபோல் திரண்டுவிட்டால் நேரம் ஆகிவிட்டது. மூன்று மாதம் ஓடியும் புதிதுபோல் வெள்ளையாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், காற்று வேறு வழியில் போகிறதா என்று தேடுங்கள்.

வாக்குவம் வேண்டாம். மேல் தூசிதான் போகும், உள்ளே சிக்கியது போகாது, இழையும் கிழியும். பழையதைக் கழற்றும்போது ஃபர்னஸை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். இல்லையேல் உதிரும் தூசியை விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் ஆயுளுக்கும் போதும் என்கிறார்களே?

பதில்: பணம் மிச்சம்தான், ஆனால் இவற்றில் பல நுண்துகளை அதிகம் பிடிப்பதில்லை. ஈரம் முழுக்கக் காயாமல் மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். உங்கள் மகனின் ஒவ்வாமைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: சமையல் வாடையையும் புகை வாயுவையும் நல்ல ஃபில்டர் நீக்குமா?

பதில்: நீக்காது. மெர்வ் எண் துகளுக்கு மட்டும்தான். கரித்தூள் பூசிய 1 அங்குல ஃபில்டரில் உள்ள கரி கொஞ்சம். வாடை சில நாள் குறையும், அவ்வளவுதான். அடுப்புக்கு மேலே வெளிக்காற்றுக்குத் தள்ளும் விசிறியைப் போடுங்கள். எரிவாயு ஃபர்னஸ் என்றால் கார்பன் மோனாக்சைடை எந்த ஃபில்டரும் தடுக்காது. படுக்கையறைகளுக்கு அருகே அதற்கான அலாரம் தனியாக இருக்க வேண்டும். இருக்கும் அலாரத்தின் பின்பக்கத்தில் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.