ஆனையிறவில் காது கொடுங்கள்: எஸ்யூவி இரைச்சலைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். ஜப்பானில் இருந்து வந்த 2015 மொடல் ஹைபிரிட் எஸ்யூவி நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது. மாதத்தில் இரண்டு தடவை ஏ-9 வீதியால் கொழும்புக்குப் போய் வருவேன். வேகம் 60ஐத் தாண்டினால் ஒரே இரைச்சல். வலப்பக்க சைட் கண்ணாடிப் பக்கமாக விசில் மாதிரி ஒரு சத்தமும் வருகிறது. போன வருடம் முன்கண்ணாடி மாற்றினேன். பின்சீட்டில் இருக்கும் அம்மாவோடு கதைக்கவே முடிவதில்லை. வாகனம் முழுக்க சவுண்ட் புரூஃப் ஷீட் ஒட்டச் சொல்கிறார்கள் கராஜில். ஒட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே இரண்டு சத்தங்கள் இருக்கின்றன. ஒன்று இரைச்சல், மற்றது விசில். இரண்டும் ஒரே இடத்தில் இருந்து வருவது அரிது. விசில் என்பது ஒடுங்கிய இடைவெளியால் காற்றுப் போகும் சத்தம். இடைவெளியை அடைத்தால்தான் அது நிற்கும், ஷீட்டால் நிற்காது. இரைச்சல் டயரில் இருந்து வந்தால், அந்த டயரை வைத்துக்கொண்டு தரை முழுக்க ஷீட் ஒட்டுவது, கூரை ஒழுகும்போது நிலத்துக்குச் சிமெந்து பூசுவது மாதிரி.

சத்தத்தின் கணக்கும் கொஞ்சம் வேறு. ஒரே அளவான இரண்டு சத்தங்களில் ஒன்றை முழுதாக நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு அது மட்டுமட்டாகத்தான் தெரியும். பாதியாகக் குறைந்த மாதிரிக் கேட்க 10 டெசிபல் அளவு இறங்க வேண்டும். பெரிய சத்தம் எது என்று பிடிக்காமல் சின்னதில் காசைப் போட்டவர்கள் "ஒன்றுமே மாறவில்லை" என்று வந்து சொல்வது இதனால்தான்.

ஏ-9 வீதியில் ஊர்மனைக்கு வெளியே வேக எல்லை 70. காற்றின் சத்தம் வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்கோடு ஏறும். 60இல் இருந்து 80க்குப் போனாலே 7 டெசிபல் அளவு கூடிவிடும். டயர்ச் சத்தம் அவ்வளவு விரைவாக ஏறாது. ஆனபடியால் 100ஐ அண்டும்போதுதான் காற்று முந்தும், 60, 70இல் டயரின் கைதான் மேலே. உங்கள் இரைச்சலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது டயரை. அதே வேகத்தில் விசில் தெளிவாகக் கேட்கிறதென்றால், "எஸ்யூவி என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ காற்று புகுகிறது, அல்லது ஏதோ ஒரு விளிம்பு கிளம்பி நிற்கிறது.

சந்தேகத்தை உறுதிப்படுத்த, ஏ-9 வீதி கடல்நீரேரியைத் தாண்டும் வெட்டவெளியான ஆனையிறவு நமக்கு இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று தென்மேற்கில் இருந்து அடிக்கும், மறைப்பதற்கு அங்கே மரமும் இல்லை, கட்டடமும் இல்லை. தெற்கே பரந்தன் பக்கம் போகும்போது அந்தக் காற்று முன்னாலும் வலப்பக்கத்தாலும் வாகனத்தில் மோதும். திரும்பி வரும்போது பின்னாலும் இடப்பக்கத்தாலும் வரும். அதே துண்டு வீதியை, அதே 60இல், வானொலியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு இரண்டு திசையிலும் ஓடுங்கள். காது கொடுப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை, உங்கள் கவனம் வீதியில் இருக்கட்டும். போகும்போது உரத்து, வரும்போது நன்றாக அடங்கினால் அது காற்று. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் டயர். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் டயருக்கு ஒன்றுதான். வாடைக் காற்றுக் காலத்தில் இதே சோதனையைத் திசை மாற்றிச் செய்யலாம்.

டயர் என்று தெரிந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாகப் போட்ட வழுவழுப்பான காபட் வீதியில் இருந்து கல் துருத்திய பழைய வீதிக்கு ஏறும் இடத்தில் சத்தம் சட்டென்று மாறினால் சந்தேகமே இல்லை. வாகனத்தை நிறுத்தி, டயர் ஆறிய பிறகு, உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் அரம் மாதிரிக் கீறினால் டயர் பல்லுப் பல்லாகத் தேய்ந்திருக்கிறது. அலைன்மென்ட் பிழைத்தாலும், சில்லுகளை இடம் மாற்றிப் பூட்டாமல் ஓடினாலும் இப்படி வரும். பின்சில்லுகளில்தான் இதை அதிகம் காணலாம், அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் திகதி இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. நமது வெயிலில் ரப்பர் இறுகும், இறுகிய ரப்பர் கத்தும். காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஜப்பான் வாகனத்தில் சாரதிக் கதவடியில் உள்ள ஸ்டிக்கரில் கிலோபஸ்கலில் எழுதியிருக்கும். 220 என்றால் 32 பிஎஸ்ஐ. பாரம் ஏற்றவேண்டி வரும் என்று 40 அடித்துக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. அப்படி இறுக்கிய டயர் ஒவ்வொரு கல்லையும் உள்ளே சொல்லும்.

டயர் மாதிரியே ஊளையிடும் இன்னொன்று வீல் பேரிங். வீதி எப்படி இருந்தாலும் அது மாறாது, வளைவில் மாறும். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலச்சில்லுகளில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், இது பாதுகாப்போடு சேர்ந்த விடயம்.

சரி, விசிலுக்கு வருவோம். முன்கண்ணாடி மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். என் கண் முதலில் போவது அங்கேதான். முன்கண்ணாடியின் ஓரத்தில் ஓடும் ரப்பர் மோல்டிங் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் கிளம்பி நின்றாலே போதும், காற்று அதில் ஊதும். அது ஊதும் இடம், முன்கண்ணாடிக்கும் முன்கதவுக்கும் நடுவில் உள்ள வலப்பக்கத் தூணடி. உள்ளே இருப்பவருக்கு அது சைட் கண்ணாடியில் இருந்து வருகிற மாதிரித்தான் இருக்கும்.

கடையில் ஒரு சுருள் மாஸ்கிங் டேப் வாங்குங்கள். முன்கண்ணாடியின் வலது ஓரம், சைட் கண்ணாடி பூட்டியிருக்கும் அடி, முன்கதவின் மேல் விளிம்பு, கதவு வைசரின் (கதவுக் கண்ணாடிக்கு மேல் ஒட்டும் மழைத்தடுப்பு) முன்முனை என்று எல்லா இடைவெளியையும் ஒட்டி மூடுங்கள். பார்வையை மறைக்கும் இடத்தில் வேண்டாம். ஓடிப் பாருங்கள். விசில் நின்றால், ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டை மட்டும் கழற்றி, திரும்பவும் ஓடுங்கள். எந்தத் துண்டைக் கழற்றியதும் விசில் வருகிறதோ, அதுதான் இடம். அரை நாள் போகும். ஆனால் ஊகத்துக்கு இதில் இடமே இல்லை.

வலிகாமத்தில் இருப்பவர்களுக்குச் செம்மண்ணும் உதவும். கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். ரப்பர் நன்றாகப் பொருந்தும் இடத்தில் தூசி வெளிப்பக்கத்தோடு நிற்கும். காற்று புகும் இடத்தில் சிவப்புக் கோடு ரப்பரைத் தாண்டி உள்ளே போயிருக்கும். அந்த இடத்தில் ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் தடையின்றி வரும், மற்ற இடங்களில் பிடித்துக்கொள்ளும். ரப்பர் கிழியாமல் வெறுமனே தளர்ந்திருந்தால், கதவு கொளுவும் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பூட்டினாலே இறுகும். பீடிங்கைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கன் பூசுங்கள். எஞ்சின் எண்ணெயோ வாசலீனோ பூச வேண்டாம். பெற்றோலிய எண்ணெய் பட்டால் அந்த வகை ரப்பர் ஊதிப் பழுதாகும்.

கூரையில் கரியர் கம்பி இருந்தால் அதையும் ஒருமுறை கழற்றிவிட்டு ஓடுங்கள். 3 சென்ரிமீற்றர் தடிப்பான உருண்டைக் கம்பி 70இல் ஏறத்தாழ 130 ஹேர்ட்ஸில் "ஊ" என்று இரையும், வேகம் கூடச் சுருதியும் ஏறும். கழற்ற முடியாது என்றால் கம்பியைச் சுற்றிச் சுருள் சுருளாகக் கயிறு இறுகக் கட்டுங்கள். கம்பிக்குப் பின்னால் காற்று ஒரே தாளத்தில் சுழல்வது அதனால் கலையும்.

டயரும் பீடிங்கும் சரியான பிறகும் மிச்சம் இருந்தால், அப்போது ஷீட்டைப் பற்றி யோசியுங்கள். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட் செய்வது தகடு அதிராமல் பிடிப்பது. தகட்டின் கால்வாசியை, நடுப்பகுதியில் மூடினாலே பெரும்பாலான பலன் கிடைக்கும், முழுக்க மூடுவது வீண் பாரம். மலிவான தார் ஷீட்டை நமது வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள், இளகி மணக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மூட விடாதீர்கள், மூடினால் கதவு உள்ளிருந்து கறள் பிடிக்கும். சில வாகனங்களில் பக்க எயார் பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள்ளே இருக்கும், ஆகவே கதவைப் பிரிக்குமுன் அதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். தூண்களுக்குள் எயார் பேக் இருந்தால் அங்கே எதையும் திணிக்க வேண்டாம். உங்களது ஹைபிரிட் என்பதால் இன்னொன்றும்: பின்சீட்டுப் பக்கம் பற்றரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரம் இருந்தால் அதை ஷீட்டோ காபட்டோ மறைக்கக் கூடாது. உயர் மின்னழுத்தம் போகும் செம்மஞ்சள் நிற வயர் எங்கு ஓடினாலும் பக்கத்தில் துளையிட விடாதீர்கள்.

எஸ்யூவியில் டிக்கியும் இருக்கைப் பகுதியும் ஒரே அறை. பின்சில்லு வளைவுகளின் சத்தம் தடுப்பில்லாமல் நேராகப் பின்சீட்டுக்குப் போகும். ஆகவே கடைசியில் ஒட்டுவதென்று முடிவானால் அந்த இரண்டு வளைவுகளையும் டிக்கித் தரையையும் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். அம்மா இருப்பது அதற்குப் பக்கத்தில்தான்.