அமெரிக்க நூலகத்தில் கதை நேரத்துக்கு ஸ்பானிஷ், இருமொழிப் படப்புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்களில் பெரிய சிக்கல் நீளம்தான். பக்கத்துக்கு ஐந்து வரி என்றால் இரண்டு மொழியிலும் படிக்கும்போது பத்தாகிவிடும். மூன்று வயதுக் குழந்தை அதற்குள் எழுந்து ஓடிவிடும். பக்கத்துக்கு ஓரிரு வரி, திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர், பின்வரிசைக்கும் தெரிகிற படம் இருந்தால் போதும். கொஞ்சம் நீளமான கதையை ஸ்பானிஷில் மட்டும் படித்தாலும் தவறில்லை, பாதிக் கதையைப் படமே சொல்லிவிடும்.

அப்புறம், ஆங்கில எதுகைப் பாட்டை ஸ்பானிஷுக்கு மாற்றினால் சந்தம் பெரும்பாலும் உடைந்துபோகும். முதலிலேயே ஸ்பானிஷில் எழுதியதுக்குத்தான் என் ஓட்டு. ஸ்பானிஷ் வரிகளைப் பொடி எழுத்தில் மூலையில் ஒதுக்கிய புத்தகத்தை நான் எடுக்கவே மாட்டேன்.

சரி, எங்கே தேடுவது? 1996 முதல் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் வழங்கப்படும் பூரா பெல்ப்ரே விருதுப் பட்டியலில் தொடங்கலாம். (பெல்ப்ரே, நியூயார்க் பொது நூலகத்தில் இரண்டு மொழியிலும் கதை சொன்ன போர்ட்டோ ரிக்கோ நூலகர்.) அதில் ஆங்கிலத்தில் மட்டும் உள்ளவையும் பெரிய பிள்ளைகளுக்கானவையும் உண்டு, புரட்டிப் பார்த்தே எடுங்கள்.