வானொலியில் ஓயாமல் ஒலிக்கும் ஓர் இன்டி ஃபோக் குழுவை ஒரு சாரார் கொண்டாடுவதும் மறு சாரார் வெறுப்பதும் ஏன்?

கேள்வி கேட்டவர், நாட்டுப்புற இசைச் சாயலில் பாடும் லண்டன் குழுவான மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். தாம் கேட்கும் நிலையத்தில் அக்குழுவின் பாடல்கள் நாள்தோறும் பலமுறை வருவதாகவும், நேயர் விருப்ப நேரத்தில் ஒருவர் மறுபடியும் போடச் சொல்ல, அடுத்து வருபவர் இனிமேல் போடவே வேண்டாம் என்று கெஞ்சுவதாகவும் எழுதி, இதில் எந்தப் பக்கம் நியாயம் இருக்கிறது, நிலையத்துக்கு எழுதிப் போட்டால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறார். நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்பதால் பதில் சற்று நீளும்.

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். நாளுக்கு எட்டு மணி நேரம் மேசையை விட்டு எழாத வேலை. பக்கத்தில் மெல்லிய ஒலியில் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். அக்குழுவின் 'லிட்டில் லயன் மேன்' என்ற பாடல் முதல்முறை ஒலித்தபோது, திருத்திக்கொண்டிருந்த வரியின் நடுவே என் பென்சில் நின்றுவிட்டது. ஒருவன் தன் தவற்றைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்வது போலத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கி, பல்லவிக்கு வரும்போது நான்கு குரல்களும் பான்ஜோ என்ற தந்திக் கருவியும் ஒன்றாகப் பொங்கி எழுந்த அந்த இடத்தில், படித்துக்கொண்டிருந்தது என்ன என்பதே மறந்துபோயிற்று. மூன்று மாதம் கழிந்தபின் நிலைமை வேறு. அதே பாடலின் முதல் கிட்டார் மீட்டலுக்கே என் இடக்கை தானாக ஒலிக்குமிழியை நோக்கிப் போகும். அப்படி ஒருநாள் குறைக்கப் போனபோதுதான், எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர், "சார், ஒரு நிமிஷம், குறைச்சிடாதீங்க. யார் பாடுறது இது?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தைய என் முகம்.

இந்தச் சண்டையின் வேர் பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது. ஒரு நிலையம் ஒரு பாடலை நாளுக்கு ஐந்து முறை, நேரம் மாற்றி மாற்றி ஒலிபரப்புவதாக வைத்துக்கொள்வோம். பயணத்தின்போது அரை மணி நேரம் மட்டும் கேட்பவருக்கு அது ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறைதான் காதில் விழும். மூன்று மாதத்தில் ஒன்பது அல்லது பத்து முறை. எட்டு மணி நேரம் கேட்கும் என்னைப் போன்றவருக்கோ அதே மூன்று மாதத்தில் நூற்றைம்பது முறை. ஒரே நிலையம், ஒரே பாடல், ஒரே பருவம். ஆனால் ஒருவர் அதை இப்போதுதான் அடையாளம் காணத் தொடங்கியிருக்கிறார், மற்றவருக்கு அது சுவர்க் கடிகாரத்தின் மணியாகிவிட்டது. இருவரும் எதிரெதிரே நின்று இசையின் தரத்தைப் பற்றி வாதிடுகிறார்கள். எத்தனை முறை கேட்டீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

நிலையங்களுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். எந்தப் பாடல் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வரலாம், ஒரே குழுவின் இரண்டு பாடல்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும், நேற்று இதே நேரத்தில் வந்த பாடல் இன்றும் இதே நேரத்தில் வந்துவிடக் கூடாது என்பன போன்ற விதிகளைப் பார்த்துக்கொள்ளவே 'செலக்டர்' போன்ற மென்பொருள்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. இன்னொரு பக்கம், குறிப்பாக அமெரிக்க வணிக நிலையங்கள், நேயர்களைத் தொலைபேசியில் அழைத்து, பாடலின் சட்டென்று அடையாளம் தெரியும் பகுதியை ஏழு முதல் பத்து விநாடி வரை ஒலிக்கவிட்டுக் கருத்துக் கேட்பதை நெடுங்காலமாகச் செய்துவந்தன. இப்போது அது பெரும்பாலும் இணையத்துக்கு மாறிவிட்டது. இந்தப் பாடல் தெரியுமா, பிடிக்கிறதா, கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதா என்பவை அங்கே கேட்கப்படும் கேள்விகள். மூன்றாவதற்குக் கிடைக்கும் பதிலை அத்துறையினர் 'பர்ன்' என்பார்கள். நம் மொழியில் திகட்டல் என்ற சொல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். இதில் கவனிக்க வேண்டியது, விருப்பமும் திகட்டலும் ஒரே பாடலுக்கு ஒரே சமயத்தில் உயர்ந்து நிற்க முடியும் என்பதுதான். மிகவும் பிடித்த பாடல்தான் மிகுதியாக ஒலிக்கிறது. மிகுதியாக ஒலிப்பதுதான் மிகுதியாகத் திகட்டுகிறது. அப்போதும் நிலையம் அதை உடனே எடுத்துவிடாது, ஏனென்றால் அந்த அரை மணி நேர நேயர்களின் எண்ணிக்கை என்னைப் போன்றவர்களைவிட எப்போதும் அதிகம்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நாம் அறிந்த பழமொழி. உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது: பொருளற்ற சொற்களையும் அறியாத எழுத்துகளையும் முகங்களின் படங்களையும் திரும்பத் திரும்பக் காட்டியபோது, பார்த்தவர்களுக்கு அவற்றின்மேல் ஒரு நல்லெண்ணம் வளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் டேனியல் பெர்லைன் என்ற இன்னோர் உளவியலாளர் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வழி செய்தார். அவர் வரைந்த கோடு குன்று போல ஏறி இறங்கும்: ஓரளவு புதுமையும் சிக்கலும் இருக்கும்வரை இன்பம் கூடுகிறது, புதுமை தீர்ந்ததும் சரிகிறது. புதிய நேயர் குன்றில் ஏறிக்கொண்டிருக்கிறார், நான் இறங்கிக்கொண்டிருந்தேன். எளிய அமைப்புள்ள பாடலுக்கு உச்சி விரைவில் வந்துவிடும் என்பதும் அந்தக் கோட்டிலிருந்தே விளங்கும்.

இவ்வளவும் எந்தப் பாடலுக்கும் பொருந்தும். ஆனால் அதே அளவு ஒலிக்கும் நடனப் பாடல்கள் மீது இத்தனை கசப்பு எழுவதில்லை. இந்த வகைக் குழுக்கள் மீது எழுகிறது. அதற்கான காரணம் பாடல்களின் கட்டமைப்பிலேயே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸின் தொடக்கக் காலப் பாடல்களைக் கேட்டால் ஒரு வழித்தடம் தெரியும். தனிக் குரலும் அகூஸ்டிக் கிட்டாரும் (மின்சாரம் இல்லாத சாதாரண கிட்டார்) முதலில் வரும். பின் குழுவின் பாடகர் மார்கஸ் மம்ஃபோர்ட் கிட்டாரை வாசித்துக்கொண்டே காலால் மிதித்து எழுப்பும் பேஸ் டிரம் என்ற பெரிய முரசு, மாற்றமே இல்லாமல் ஒவ்வொரு தட்டிலும் இடிக்கத் தொடங்கும். பான்ஜோ விரைவு கொள்ளும், குரல்கள் சேரும், பாடல் பொங்கும், சட்டென்று அடங்கும், மீண்டும் ஒருமுறை இன்னும் பெரிதாகப் பொங்கும். இந்த அமைப்பின் வலிமை முழுவதும் 'எதிர்பாராமல்' என்பதில் இருக்கிறது. நடனப் பாடல் தன்னை ஓர் இயந்திரம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறது. இயந்திரம் திரும்பத் திரும்ப ஓடுவதில் யாருக்கும் குறையில்லை. ஃபோக் பாடலோ, நெஞ்சில் இருந்ததை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறேன் என்ற பாவனையில் நிற்கிறது. அழுகையை அடக்கிப் பேசும் ஒருவருக்குப் பேச்சின் நடுவே குரல் உடைந்தால் கேட்பவருக்கும் நெஞ்சு கனக்கும். அதே சொல்லில், அதே இடத்தில், அதே அளவுக்கு அவர் குரல் நாளுக்கு ஐந்து முறை உடையுமானால், நூற்றைம்பதாவது முறை நாம் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவோம். அவர் முதலில் பொய் சொல்லவில்லை. இருந்தும் சந்தேகம் வந்துவிடுகிறது.

'லிட்டில் லயன் மேன்' பாடலில் இன்னொரு சின்னத் தொல்லையும் உண்டு. பல்லவியில் ஒரு வசைச்சொல் வருவதால், பல நிலையங்கள் அச்சொல்லை அடக்கிய வானொலிப் பதிப்பையே ஒலிபரப்பின. பாடகரின் குரல் மிகவும் உருகும் அந்த நொடியில் சரியாக ஒரு பள்ளம் விழும். அரை மணி நேர நேயர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். என்னைப் போன்றவர்களோ ஒரு கட்டத்துக்குப் பின் பாடலைக் கேட்பதை விட்டுவிட்டு அந்தப் பள்ளத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினோம்.

இதே வகையில் டென்வர் நகரின் லூமினியர்ஸ் குழுவின் 'ஹோ ஹே' பாடல் இன்னும் தெளிவான சான்று. மதுக்கூடங்களிலும் சிறு அரங்குகளிலும் தங்களைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைப்பதற்காகவே அந்தக் கூவல்களை இடையிடையே வைத்ததாக அக்குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். கவனிக்காதவரின் தோளைத் தட்டுவதற்கென்று செய்யப்பட்ட கூவல் அது. 2012இல் வெளிவந்து அமெரிக்காவின் முதன்மைப் பாடல் தரவரிசையான பில்போர்டின் ஹாட் 100 பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியபின், அதைக் கவனிக்காதவர் என்று எவரும் மிஞ்சவில்லை. ஆனால் தோளைத் தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

மம்ஃபோர்ட் குழுவை வெறுப்பவர்கள் வேறு சில காரணங்களையும் அடுக்குகிறார்கள். லண்டன் நகரத்து இளைஞர்களுக்கு வெய்ஸ்ட்கோட்டும் பழங்கால உழவர் தோற்றமும் எதற்கு, ஐலண்ட் போன்ற பெரிய நிறுவனம் இசைத்தட்டு வெளியிடும் குழுவுக்கு 'இன்டி' என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும் என்பன அவை. இரண்டாவது கேள்வியில் நியாயம் உண்டு. அச்சொல் இப்போது ஓர் ஒலிநயத்தின் பெயராகிவிட்டதே தவிர, பண விவகாரத்தில் சுதந்திரம் என்ற பழைய பொருள் அதில் ஏறக்குறைய இல்லை. முதலாவதை நான் பொருட்படுத்துவதில்லை. வானொலியில் உடை தெரியாது. தவிர, அக்குழுவே 2013இல் 'ஹோப்லெஸ் வாண்டரர்' பாடலின் காணொளியில் நான்கு அமெரிக்க நகைச்சுவை நடிகர்களுக்குத் தங்களைப் போலவே வேடம் போட்டு, தங்கள் பாணியை நையாண்டி செய்ய விட்டது. கேலி எந்த அளவுக்குப் பரவியிருந்தது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. அவர்களுடைய 'பேபல்' தொகுப்பு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றதும் அதே 2013இல்தான்; புகழும் சலிப்பும் எவ்வளவு நெருக்கமாக நடந்து வந்தன என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நிலையம்தான் இவர்களை நம் தலையில் கட்டுகிறது என்ற குற்றச்சாட்டையும் அப்படியே ஏற்க முடியாது. ஆஸ்திரேலியாவின் ட்ரிபிள் ஜே நிலையம் அரசு நிதியில் இயங்கும் ஏபிசி என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் ஓர் அங்கம். விளம்பரதாரருக்கு அஞ்ச வேண்டிய நிலை அதற்கு இல்லை. அந்நிலையம் ஆண்டுதோறும் நடத்தும் ஹாட்டஸ்ட் 100 வாக்கெடுப்பில் நேயர்களே வாக்களிக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் 'லிட்டில் லயன் மேன்' பாடலுக்கு. 2010இல் அங்கஸ் அண்ட் ஜூலியா ஸ்டோனின் 'பிக் ஜெட் பிளேன்'. 2013இல் வான்ஸ் ஜாயின் 'ரிப்டைட்'. ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை, அகூஸ்டிக் இசைக்கருவியை மடியில் வைத்துப் பாடிய பாடலுக்கே நேயர்கள் மகுடம் சூட்டினார்கள். அடிக்கடி ஒலிபரப்பியதால் வாக்கு விழுந்ததா, வாக்களிக்கும் அளவுக்குப் பிடித்ததால் அடிக்கடி ஒலிபரப்பினார்களா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். எப்படியும் அதில் நேயர்களின் கை இருக்கிறது.

2015இல் நடந்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 'வைல்டர் மைண்ட்' தொகுப்பில் மம்ஃபோர்ட் குழு பான்ஜோவைக் கீழே வைத்துவிட்டு மின்கிட்டாருக்கு மாறியது. பான்ஜோவைத்தான் தாங்க முடியவில்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் இனி நிம்மதி அடைவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். என் அலுவலகத்திலும் நண்பர்களிடையேயும் அப்படி நிகழவில்லை. விரும்பியவர்களில் சிலர், பழைய அடையாளத்தை விற்றுவிட்டார்கள் என்று மனம் நொந்தார்கள். வெறுத்தவர்கள், இப்போது எல்லாக் குழுவையும் போலவே இருக்கிறது என்று வேறு குறை கண்டுபிடித்தார்கள். ஒருமுறை திகட்டிப்போன பெயருக்கு இரண்டாவது வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. இதில் நானும் விலக்கல்ல. அத்தொகுப்பை முழுதாகக் கேட்க எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

நிலையத்துக்கு எழுதிப் பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். "இந்தக் குழு மோசம்" என்று எழுதினால் பயன் இல்லை. அது ரசனை, உங்களுக்கு எதிராக வாக்களிக்க அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாறாக, நீங்கள் எத்தனை மணி நேரம் கேட்கிறீர்கள், எந்தப் பாடல் எந்தெந்த வேளையில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்து எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஐந்து வேலை நாளில் 'லிட்டில் லயன் மேன்' ஒன்பது முறை, அவற்றில் நான்கு முறை மதிய உணவுக்கு முந்தைய அதே அரை மணிக்குள். இரண்டு வாரம் கழித்து வந்த பதிலில், காலைப் பட்டியலில் ஒரு விதி தவறாக அமைந்திருந்ததாகவும் சரிசெய்துவிட்டதாகவும் சொல்லியிருந்தார்கள். குழுவின் இன்னும் இரண்டு பாடல்களைச் சுழற்சியில் சேர்த்து, இந்தப் பாடலைக் குறைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டில் ஒன்று எனக்குப் பிடித்துவிட்டது. இளைஞரிடம் சொன்னேன், தனக்குப் பழையதுதான் பிடிக்கும், ஏன் சார் குறைக்கச் சொன்னீர்கள் என்று கோபித்துக்கொண்டார்.