ஹீட்டர் ராடில் கோளாறு இல்லை

230 வோல்ட், 1500 வாட் ராடு. ஓடும்போது 190 வோல்ட், 5.4 ஆம்பியர் காட்டுகிறது, தண்ணீர் சுட நேரமாகிறது, ராடை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 190-ஐ 5.4-ஆல் வகுத்தால் மின்தடை 35.2 ஓம். புது ராடுக்கும் 230 × 230 ÷ 1500, ஏறக்குறைய அதேதான். ஆனால் வோல்டேஜ் குறைந்ததால் 190 × 5.4 = 1026 வாட்தான் கிடைக்கிறது; மூன்றில் ஒரு பங்கு திறன் போய்விட்டது.

சரி, ராடை நிறுத்திவிட்டு அதே பிளக் பாயின்டில் வோல்டேஜ் பாருங்கள். அப்போதும் 190 என்றால் லைனிலேயே குறைவு. 225-க்கு ஏறினால் எங்கோ லூஸ் கனெக்‌ஷன் என்று சந்தேகப்படலாம்: ராடு ஓடும்போது குறையும் 35 வோல்ட் (225 − 190) × 5.4 ஆம்பியர், அதாவது 189 வாட் வயரிங்கிலேயே சூடாகிறது. சுவருக்குள் சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்த மாதிரி! பிளக் பின் கறுத்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.