ஊட்டியிலிருந்து நண்பர்களோடு கோழிக்கோடு கடற்கரை இசை விழாவுக்கு வார இறுதியில் காரில் போய்வர எப்படித் திட்டமிடலாம்?

முதலில் திரும்பி வருவதை முடிவு செய்யுங்கள். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. சிறப்பு அனுமதி இருந்தால்தான் நள்ளிரவு வரை. கூட்டம் கலைந்து பார்க்கிங்கிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே பதினொன்றாகிவிடும். அப்போது கிளம்பினால் நாடுகாணி மலைப்பாதையில் ஏறும்போது மணி இரண்டு. ஓட்டுபவருக்குக் கண் சொக்கும் நேரம், வளைவில் யானை நிற்கக்கூடிய நேரம், பனிமூட்டம் வேறு. “வீட்டுக்குப் போயே தூங்கிக்கலாம் மச்சி” என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அங்கேயே அறை எடுத்துவிட்டு ஞாயிறு காலை சாப்பிட்டதும் கிளம்புங்கள்.

போகும் வழி கூடலூர், நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர். சுமார் 150 கி.மீ., 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வயநாடு வழி அழகுதான். ஆனால் தாமரச்சேரி சுரத்தின் (மலைப்பாதையின்) 9 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு லாரி மாட்டினால் உங்கள் சனிக்கிழமை அங்கேயே முடிந்துவிடும்.

இறக்கத்தில் இரண்டாம் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி 20 நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும்.

டயர் விஷயம் பலருக்குத் தெரியாது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஊட்டியைவிடச் சுமார் 3.5 பிஎஸ்ஐ அதிகம். ஊட்டியில் 33 காட்டிய டயர், வெப்பநிலை மாறாவிட்டால் கீழே 30-க்கும் குறைவாகக் காட்டும். கீழே இருக்கும் வெக்கை இதில் பாதிக்கு மேல் ஈடுகட்டிவிடும். அதனால் பயம் வேண்டாம். மறுநாள் காலை டயர் ஆறியிருக்கும்போது பார்த்து, குறைந்திருந்தால் மட்டும் அடியுங்கள். ஊட்டி வந்ததும் மறுபடி பாருங்கள். பாதி குடித்து மூடிய பாட்டில் வழிக்கடவில் நசுங்கிக் கிடப்பதும், காது அடைப்பதும் இதே காரணத்தால்தான். சளி பிடித்தவரை இறக்கத்தில் தூங்க விடாதீர்கள். மிட்டாய் சப்பி விழுங்கிக்கொண்டே வரட்டும். வாந்திக்கு அவோமின் போட்டவர் வண்டி ஓட்டக்கூடாது, தூக்கம் வரும்.

மலைக்காரர்களைக் கடற்கரையில் படுத்துவது பாட்டல்ல, புழுக்கம். வியர்வை காயாது, தாகம் எடுக்கும் முன்பே உடம்பு சோர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர்) கரைத்து மாலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஸ்வெட்டரை வண்டியிலேயே விடுங்கள்.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இடம் பிடிக்காதீர்கள். 100 டெசிபலில் 15 நிமிடமே காதுக்குப் பாதுகாப்பான அளவு. ஒலியமைப்பாளர் மேசைக்கு அருகே நின்றால்தான் பாட்டு தெளிவாகக் கேட்கும்; அவர் தன் காதுக்குத்தானே சரிசெய்கிறார்! ஸ்பாஞ்ச் காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும். கூட்டத்தில் போன் எடுக்காது என்பதால், பிரிந்தால் எங்கே சேர்வது என்பதை உள்ளே நுழையும்போதே பேசிக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்த உற்சாகத்தில் இருட்டுக் கடலில் யாரும் இறங்க வேண்டாம்.

திரும்பும்போது 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது; நீலகிரி செக்போஸ்ட்டில் அபராதம். டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிக்கு, நீலகிரிக்குள் நுழைவதற்கான இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸ் தேவையில்லை. கோவை நண்பரின் வண்டி என்றால் கோழிக்கோட்டிலிருந்து கிளம்பும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.