வகுளாபரணமும் ஒரு விம்மலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் பேராசிரியர் ஹாங்கஸ் நெட்ஸ்கியின் குழு வாசித்த, கிளெஸ்மர் என்னும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இசையைக் கேட்டேன். நம் கர்நாடக இசையின் ராகம் ஒன்று நினைவுக்கு வந்தது; பல இடங்களில் அப்படியே வகுளாபரணம். பேராசிரியர் ஒருவர் யூதர்களின் கல்யாண இசையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் அது வெறும் ஆராய்ச்சிப் பொருளாகிவிடாதா? இந்த இசைக்குள் நுழைய யாரைக் கேட்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று கிளெஸ்மர் கலைஞர் நஃப்துலே பிராண்ட்வைனின் பழைய கிளாரினெட் பதிவுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே ‘அப்படியே வகுளாபரணம்’ என்ற வரியை என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

கிளெஸ்மர்காரர்கள் ஃப்ரேகிஷ் என்று சொல்லும் ஸ்வர வரிசை வகுளாபரணத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது, உண்மைதான். பல ஆண்டுகளுக்கு முன் பிராண்ட்வைனின் மெட்டு ஒன்றை ஸ்வரப்படுத்தி, வயலின் வாசிக்கும் நண்பரிடம் கொடுத்தேன். ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்தார். இசைத்தட்டில் இருந்த அழுகை மட்டும் அதில் இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் அதைக் க்ரெக்ட்ஸ் என்பார்கள். ஒரு ஸ்வரம் முடியும் தறுவாயில் மூச்சைத் தொண்டையில் மறித்துச் சட்டென்று அறுத்துவிடுவது. அழுது ஓய்ந்த குழந்தை தேம்பும்போது வருமே, அந்த விம்மல். ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகமே இல்லாமல் ஆர்மோனியத்தில் கட்டை கட்டையாக வாசித்துவிட்டு ‘இதுதான் தோடி ராகம்’ என்று ஒருவர் சொன்னால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்களா? அந்த மரியாதையைப் பிறர் இசைக்கும் கொடுங்கள். நம்முடைய பெயரைச் சூட்டியதும் கேட்டு முடித்துவிட்டதாக நினைப்பது சோம்பல்.

பேராசிரியர் என்றதும் உங்களுக்கு எழும் ஐயமும் இதே சோம்பலில் பிறந்ததுதான். நெட்ஸ்கி நூலகத்திலிருந்து இந்த இசைக்கு வந்தவர் அல்லர். பிலடெல்பியாவில் அவருடைய தாத்தாவும் உறவினர்களும் இதை வாசித்தவர்கள். குடியேறியவர்களின் பிள்ளைகள் அமெரிக்கர்களாகிவிடத் துடித்த காலத்தில் கேட்பவர் குறைந்து அந்த மரபு ஒடுங்கியது. கிழக்கு ஐரோப்பாவில் அதன் ஊற்றுக்கண்ணையே நாஜிகள் அழித்திருந்தார்கள். 1980இல் கன்சர்வேட்டரி மாணவர்களைச் சேர்த்து அவர் குழு அமைத்தபோது, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தேய்ந்த பழைய இசைத்தட்டுகளே பாடப்புத்தகம். பிறகு, தன் ஊரின் முதிய வாசிப்பாளர்களைத் தேடிப்போய்க் கேட்டவற்றை 2015இல் நூலாக்கினார். ஆராய்ச்சி என்று நீங்கள் இளக்காரமாகச் சொல்வது இந்த உழைப்பைத்தான்.

அந்தக் குழுவின் தொடக்க காலத்தில் கிளாரினெட் வாசித்தவர் டான் பைரன், நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்த கறுப்பின இளைஞர். யிட்டிஷ் நகைச்சுவைப் பாடகரும் கிளாரினெட் கலைஞருமான மிக்கி காட்ஸின் இசைக்கென்றே 1993இல் தனி இசைத்தட்டு வெளியிட்டார். பின்னர் அவரும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவருடைய கிளாரினெட்டில் அந்த விம்மல் வந்தது பிறப்பால் அல்ல. நாம் கேள்விஞானம் என்கிறோமே, அதனால்.

யாரைக் கேட்கலாம் என்றீர்கள். பிராண்ட்வைன், அடுத்து இன்னொரு கிளெஸ்மர் கிளாரினெட் கலைஞரான டேவ் டாரஸ், பிறகு பைரன். முதலில் பிராண்ட்வைனின் ஒரே ஒரு பதிவை, ஸ்வரம் எழுதாமல், பாடிக்காட்டும் அளவுக்குக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.