பொன்னாடையும் பில்லும்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். கிராமத்துப் பட்டறைகளில் சோலார் உலர்த்தி, சாண எரிவாயு அடுப்பு செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் விருது வழங்க நண்பர்களோடு திட்டமிட்டிருக்கிறேன். வேறு எப்படியெல்லாம் இவர்களை ஆதரிக்கலாம்? காப்புரிமை வாங்கித் தந்தால் உதவுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

காப்புரிமையை விடுங்கள். 1980களில் கென்யாவில் பரவிய ‘ஜிகோ’ கரி அடுப்புக்குக் காப்புரிமை கிடையாது. உடுக்கை வடிவத் தகரக் கூடு, உள்ளே சுட்ட மண் கிண்ணம், அவ்வளவுதான். சூடு வெளியே ஓடாது, கரி மிச்சம். நைரோபியில் வெட்டவெளியில் தகரம் தட்டுகிறவர்களுக்கு ‘ஜுவா காலி’, சுடுவெயில், என்றே பெயர். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள், போட்டியில் விலை இறங்கியது. காசைக் கையில் வாங்கிக்கொண்டு விற்றார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விருது என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

காங்கேயம் பக்கம் என் சித்தப்பா வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கொப்பரை காயவைக்க சோலார் டிரையர் செய்வார். மழை பிடித்துக்கொண்டால் களத்தில் கிடப்பது பூசணம் பிடித்துப்போகும், இவருடைய பாலிகார்பனேட் கூடாரத்துக்குள் காய்ந்துகொண்டிருக்கும். ஓர் அமைப்பு மூன்று வாங்கியது. மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, ‘கிராமத்து விஞ்ஞானி’ என்றார்கள். பில் 14 மாதம் வரவில்லை. பைப் கடைக்காரருக்குப் பயந்து சித்தப்பா சந்துவழியாக வீடு வந்தார்.

சட்டம் இல்லாமலா? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், குறு, சிறு நிறுவனங்களின் பில்லை அதிகபட்சம் 45 நாளில் தீர்க்கச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இதைப் பெரிய கண்டுபிடிப்புபோல அவரிடம் போய்ச் சொன்னேன். “வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் வருமா கண்ணு?” என்றார். அத்தனை படிப்பும் அந்தக் கேள்வியில் வாயடைத்து நின்றது.

அவருக்கு வந்த பொன்னாடைகளில் ஒன்றைக் கிழித்துக் கைதுடைக்க வைத்திருந்தார். ஜரிகை கிரீஸை எடுக்காது என்று சலிப்பு வேறு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனசு நல்ல மனசு, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்துகொண்டு ஆதரிப்பது எப்படி என்று என்னைக் கேட்கிறீர்களே! சின்னப் பட்டறைகளின் பில்கள் உங்கள் மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கின்றன? தேதிவாரியாக எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விருதைப் பற்றி அப்புறம் பேசலாம்.